டிரம்ஸ்காரரின் ரசிகை

“சனிக்கிழமை சாயங்காலம் பூங்கா அரங்கத்துல அந்த டிரம்ஸ்காரர் வாசிக்கிறார். எல்லாரும் போங்க. அவர் அடிச்சா தூக்கம் ஓடியே போயிடும்!” என்றாள் கேஷியர் அக்கா.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்து இசை ரசிகர்கள் அவளைச் சுற்றித்தான் உட்காருவார்கள்.

“வாரா வாரம் அவரையே சொல்றீங்களே, கமிஷன் உண்டா அக்கா?” என்று சீண்டினான் கணக்காளன்.

“கூட்டம் வந்தாதான்டா அவருக்கு அங்கே நிரந்தர இடம் கொடுப்பாங்க.”

“கொடுத்தாச்சுக்கா! போன வாரம் நிக்க இடமில்ல. இனிமே தினமும் சாயங்காலம் அவர்தானாம். ஒத்திகையும் அங்கேயே பண்ணிக்கலாமாம்,” என்றாள் வரவேற்பறைப் பெண்.

அக்கா கைகூப்பினாள். “கடவுள் கண் திறந்துட்டார்!”

“இவ்வளவு பெரிய ரசிகை, ஒரு தடவைகூட நீங்க வரலையே?” என்றான் கணக்காளன்.

“அவர் எங்க பக்கத்து வீடு. ஒத்திகை ஆரம்பிச்சா என் கைக்குழந்தை வீல்னு அலறி எழுந்துடும். அவரைக் காலி பண்ண வைக்க வீட்டு ஓனர் எங்க எல்லார்கிட்டயும் கையெழுத்துக் கேட்டார். பிழைக்க வந்த மனுஷன், விரட்ட மனசு வரல. வாசிக்க வேற இடம் கிடைச்சா போதும்னு தோணிச்சு.”

அக்கா டப்பாவை மூடினாள்.

“சனிக்கிழமை நீங்க நல்லா கைதட்டுங்க. நானும் குழந்தையும் தூங்குறோம்.”