பூக்கட்டாத மாடுகள்

ஆல்ப்ஸ் சரிவில் இலைகள் மஞ்சளாகிவிட்டன. இந்த ஊரில் தனக்கு இனி யார் இருக்கிறார்கள் என்று, சூரிச்சிலுள்ள தங்கையிடமே போய்விட முடிவெடுத்திருந்தாள் தவமலர். கடைசியாக ஒருமுறை மலைப்பாதையில் நடக்கப் போனாள். அவள் கணவன் குகநேசன் கோடைதோறும் பண்ணைக்காரர் ரூடியின் மாடுகளை மேலே மேய்த்துவிட்டு, இலையுதிர்காலத்தில் ஓட்டி வரும் பாதை அது. இந்தக் கோடையில் மலைமேலேயே, தூக்கத்தில் அவன் உயிர் போய்விட்டது.

மணிச்சத்தம் கேட்டு ஒதுங்கி நின்றாள். மாடுகள் இறங்கி வந்தன. வழக்கமாக அவற்றின் கொம்புகளுக்கிடையில் பூமாலை அசையும். இன்று ஒன்றின் தலையிலும் பூ இல்லை. பார்க்க வந்த ஊர்க்காரர்களும் கைதட்டாமல் நின்றார்கள்.

“ஏன் ரூடி, பூக் கட்டேல்லையோ?” என்று சுவிஸ் ஜெர்மனில் கேட்டாள்.

ரூடி தொப்பியைக் கழற்றினார். “வீட்டில சாவு விழுந்த வருசம் நாங்கள் கட்டுறதில்லை.”

“ஐயோ, உங்கட வீட்டிலயோ? ஆர்?”

“ஆரெண்டு கேக்கிறியளே! எங்கட நேசன்தான்.”

தவமலர் பூவில்லாத கொம்புகளை மறுபடி பார்த்தாள்.

“வீட்டு ஆக்கள்தான் முன்னுக்கு நடக்கவேணும். வாங்கோ” என்று அவர் விலகி வழிவிட்டார்.

அவள் முதல் மாட்டின் கழுத்தில் கைவைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மாடு நடந்தது, அவளும் நடந்தாள்.