எல்லா மொழிகளும் பேசும் மூலை

"இந்த அலுமாரியை அனுப்பின ஆள் இண்டைக்குப் படகிலை வருதாமே? வரட்டும். முகத்துக்கு நேரை கேக்கிறன்!"

செருப்பைக் கழற்ற மறந்து நூலகத்துக்குள் ஏறினார் தில்லைநாதன். அறுபது தாண்டிய மனிதர். குரலுக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை. கக்கத்தில், பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பொதி.

நூலகர் கேதீஸ்வரி மேசையை விட்டு எழுந்தாள். அவள் பக்கத்துத் தீவு இறுப்பிட்டிக்காரி. நெடுந்தீவுக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள்தான். அவளுடைய வேலையும் அந்த அலுமாரியும் ஒரே திட்டத்தில், ஒரே படகில் வந்தவை. அலுமாரி முழுக்கச் சிங்களப் புத்தகங்கள். சனம் வேண்டாம் என்றால் அலுமாரி திரும்பிப் போகும். கூடவே அவளும்.

அலுமாரிக்கு மேலே, கொழும்பில் எழுதி அனுப்பிய பலகை: 'எல்லா மொழிகளும் பேசும் மூலை'. இந்தப் பக்கத்துச் சனம் கதைக்கும். பேசுவது என்றால் இங்கே திட்டுவது. இதைக் கொழும்புக்கு யார் சொல்வது? பலகையை மாட்டிய நாளிலிருந்து தில்லைநாதன் ஒருவர்தான் அதன்படி ஒழுங்காக நடந்துவந்தார்.

விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த இராசாத்தி தலையை நீட்டினாள். "தில்லையண்ணை, உங்கட சத்தத்துக்கு வாற படகு அப்பிடியே திரும்பிப் போகப்போகுது!"

"நீர் பேப்பரைப் பாரும். அதையும் காத்து அரைவாசி கொண்டு போட்டுது."

"ஐயா, கொஞ்சம் மெதுவா," என்றாள் கேதீஸ்வரி. "அந்த மிஸ் நல்லவவாம். பக்குவமாக் கதையுங்கோ."

"பக்குவமோ? போன கிழமை இதைக் கொண்டு போனனான். அண்டையிலையிருந்து நித்திரை இல்லைப் பிள்ளை!"

போன கிழமை அவர் அலுமாரி முன்னால் நெடுநேரம் நின்றதும், ஒரு புத்தகத்தை உருவி, "இது சாட்சிக்கு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்ததும் அவளுக்கு நினைவிருந்தது. அடுப்பில் வைத்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தாள்.

"நாப்பது வருசமா அந்தப் பாசையிலை ஒரு சொல்லு என்ரை வாயிலை வரேல்லை. வரப்படாதெண்டுதான் இருந்தனான். சும்மா கிடந்தவனைக் கிண்டி விட்டிட்டியள்!"

"பிடிக்காட்டி எடுக்கத் தேவையில்லைத்தானே ஐயா. தமிழ்ப் புத்தகங்கள் அப்பிடியே இருக்கு."

"பிடிக்கிறதோ இப்ப கதை? மரியாதைப் பிள்ளை, மரியாதை! எங்களை ஆரெண்டு நினைச்சவை?"

அலுமாரியைக் கொழும்பிலிருந்து அனுப்பிய நிலாந்தி வாசலில் வந்து நின்றாள். சேலைக் கரை கடல்தண்ணீரில் ஊறியிருந்தது. படகு அவளை நன்றாகக் குலுக்கியிருந்தது என்பதை முகம் சொல்லிற்று. ஆனாலும் சிரித்தாள். "வணக்கம்" என்றாள். அவளிடமிருந்த தமிழ் அவ்வளவுதான்.

தில்லைநாதன் வணக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

"இந்தத் தீவுக்கெண்டால் எல்லாம் அரைவாசி! படகு அரைவாசி நாள். டொக்டர் அரைவாசி நாள். றோட்டுப் போட்டால் அரைவாசியிலை நிக்கும். எங்களுக்கு இவ்வளவு காணுமெண்டு ஆர் தீர்மானிச்சது?"

"என்ன சொல்கிறார்?" என்று நிலாந்தி சிங்களத்தில் கேட்டாள்.

இந்த வேலைக்கென்று அவசரமாகப் படித்த சிங்களத்தையெல்லாம் கேதீஸ்வரி திரட்டினாள். "தீவில் அரைவாசிப் பேர் இங்கே வாசிக்க வருகிறார்களாம்."

நிலாந்தி மலர்ந்தாள். தில்லைநாதனின் புருவம் மேலே ஏறியது.

"மிஞ்சினதைக் கட்டி அனுப்பிறதோ? நாங்களென்ன மிச்சச் சோறு தின்னிற ஆக்களோ? சிரிக்கிறா, பார்!"

"மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம்," என்றாள் கேதீஸ்வரி.

நிலாந்தி கைகூப்பினாள். தில்லைநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. கோபம் தலைக்கேறிவிட்டது என்று கேதீஸ்வரி நினைத்தாள். அவர் பொதியைப் பிரித்து, புத்தகத்தை மேசையில் படாரென்று போட்டார்.

அந்தச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நிலாந்தியின் சிரிப்பு அணைந்தது. புத்தகத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேதீஸ்வரியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எனக்கு விளங்குகிறது தங்கச்சி. பொய் சொல்ல வேண்டாம். இவர்களுக்கு நடந்ததற்கு இது வேதனையாகத்தான் இருக்கும். அலுமாரியை அடுத்த படகிலேயே திருப்பி எடுத்துப்போகிறேன்."

கேதீஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை எப்படி அவருக்குத் தமிழில் சொல்வது? சொன்னால் கைதட்டுவார். அவளுக்கு நாளைக்கு வேலை இருக்காது.

"ஐயா..." என்று தொடங்கினாள்.

"நீர் விடும் பிள்ளை. உம்மடை மொழிபெயர்ப்பை இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்!"

தில்லைநாதன் அலுமாரிக்கு முன்னால் போய், இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார். தென்னிலங்கைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு மட்டுமே வரக்கூடிய சிங்களத்தில், நிலாந்தியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"இதில் ஒரு புத்தகத்தையும் தொடக்கூடாது! நான் இந்தக் கதையைப் பாதி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் கலவரத்தில் எங்கள் கடையைக் கொளுத்தினீர்கள். நாற்பது வருசத்துக்குப் பிறகு அனுப்பியிருக்கிறீர்கள், அதுவும் முதலாம் பாகத்தை மட்டும். இரண்டாம் பாகம் எங்கே மகள்?"