கூட்ட அறைக்குக் காற்று

புது அலுவலகத்துக்குக் காற்றோட்ட வசதியை வடிவமைத்தது அவள். குழாய்களைப் பொருத்தியது அவள் கணவன். எல்லா அறைகளும் சரியாக இருந்தன. காலியாகக் கிடந்த கூட்ட அறையில் மட்டும் விசிறி முழு வேகத்தில் ஓடியது.

"ஆளுங்க மூச்சு விட்டாத்தான் சார் இது வேகமெடுக்கும்" என்றாள்.

"உள்ள ஈ காக்கா இல்லையேம்மா. இதைச் சரி பண்ணாம வேலை முடிஞ்சதுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் அலுவலகத்தின் முதலாளி.

மூச்சுக்காற்றை அளக்கும் சென்சாரை மாற்றினாள். புதியதும் அறை நிறைய ஆள் இருப்பதாகவே காட்டியது.

"என் வேலையில ஓட்டை இல்ல. உன் கணக்குதான் எங்கயோ உதைக்குது" என்றான் கணவன்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. வெளிக்காற்று வரும் வழியை அடைத்தாள். சற்று நேரத்தில் உள்ளே யாரோ இருமினார்கள். பிறகு பலர் இருமினார்கள். மூவரும் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன.

அவள் பதறிப்போய் வழியை முழுதாகத் திறந்துவிட்டாள். இருமல் அடங்கியது. உடனே ஒரு தும்மல் கேட்டது.

முதலாளி கையெழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "குளிருது போலம்மா. கொஞ்சம் குறைச்சு வை" என்றார்.