இரண்டாம் நம்பர் பெட்டி

"என்னைக் கட்டிக்கக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கல!"

மனைவி சொன்னதில் தப்பில்லை. ஒரு மியூசிக் சர்வர் வாங்க மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார் கணவர். வீட்டிலுள்ள சிடி பாட்டையெல்லாம் தனக்குள் ஏற்றிக்கொண்டு, இன்டர்நெட் பாட்டையும் சேர்த்துப் பாடும் பெட்டி. கடைசியில் இரண்டு மிஞ்சின. கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கேட்டுப் பார்க்க இரண்டையுமே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"ஒண்ணாம் நம்பர்தான். அதோட குரலே தனி."

"உங்க காதை யாரு நம்புறது? எங்க அண்ணனைக் கூப்பிடறேன்."

அண்ணன் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் சவுண்ட் இன்ஜினீயர். வயலினில் ஒரு கம்பி சுருதி இறங்கியிருந்தால் வாசலிலிருந்தே சொல்லிவிடுவார் என்று குடும்பத்தில் பெயர்.

வந்தார். "ஸ்பீக்கர்லாம் வேணாம் மாப்ளே. ஹெட்போன்லதான் எந்தப் பெட்டியோட குட்டும் வெளிப்படும்" என்றவர், கையோடு கொண்டுவந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினார்.

கணவர் அதன் ஒயர் நுனியைப் பிடித்துக்கொண்டு, ஆம்ப்ளிஃபயர் இருந்த அலமாரிக்குள் தலையை விட்டார்.

மனைவி துணி மடித்தபடி வேடிக்கை பார்த்தாள். அண்ணனின் தலை ஆடியது. விரல் முழங்காலில் தாளம் போட்டது.

கணவர் தலையை வெளியே எடுத்தார். கொஞ்ச நேரம் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருப்பிவிட்டு, அவர் தோளைத் தட்டி இரண்டு விரலைக் காட்டினார்.

அண்ணன் இன்னும் பலமாகத் தலையாட்டினார்.

"சந்தேகமே இல்ல, ரெண்டாவதுதான்" என்று ஹெட்போனைக் கழற்றினார். "முதல்ல கேட்டது கொழகொழன்னு இருக்கு. இதுல ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா பேசுது."

கணவர் சண்டைக்கு வருவார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"நீங்க சொன்னா சரிதான் மச்சான். எனக்கு எப்பக் கேட்டாலும் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

வாசல் வரை போய், அண்ணனிடம் ஏதோ பேசி வழியனுப்பிவிட்டு வந்தார். வந்ததும் ஒன்றாம் நம்பரைக் கடைக்குத் திருப்பித் தர அட்டைப்பெட்டியில் வைத்தார்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒண்ணாம் நம்பர், ஒண்ணாம் நம்பர்னு உயிரை விட்டீங்க. அண்ணனைப் பாத்ததும் பல்டியா? இதுல செவிடுன்னு நீங்களே வேற ஒத்துக்கிட்டாச்சு!"

அண்ணன் ஹெட்போனை மறந்து விட்டுப் போயிருந்தார். எடுத்து வைக்கலாமென்று அவள் ஒயரை இழுத்தாள். சுலபமாக வந்துவிட்டது.

"இதை எப்ப கழட்டினீங்க?"

"கழட்டல. சொருகவே இல்ல."

"சொருகாமலா? அப்போ அண்ணன் கேட்டது?"

"நான் சொருகறதுக்குள்ளயே தலையாட்ட ஆரம்பிச்சுட்டாரு."

அவள் சிரிப்பு நின்றது. "சத்தமே வரலன்னு சொல்லியிருக்கலாமே!"

"பாட்டு ஓடுது, தன் காதுதான் போச்சுன்னு நெனச்சிருப்பாரு. நம்ம மூஞ்சியைப் பாத்துப் பேசும்போது எப்படியோ சமாளிச்சுடறாரு. எத்தனை நாளா மறைச்சு வச்சிருக்காரோ, பாவம்."

அண்ணனுக்கு அந்தக் காதுதான் சோறு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீங்க கேக்கலையா அவர்கிட்ட?"

"எப்படிக் கேக்கறது? 'எனக்குக் காது சரியா கேக்கல மச்சான், டாக்டர்கிட்ட தனியா போக பயமா இருக்கு, நாளைக்குத் துணைக்கு வாங்க'ன்னு கூப்பிட்டேன். வரேன்னாரு. அங்க போனதும், வந்தது வந்தீங்க, நீங்களும் பாத்துக்குங்கன்னு உக்கார வச்சுடலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் போனை எடுத்தாள். அவர் தடுத்தார்.

"அண்ணன்கிட்ட எதையும் உளறிடாதே. கிண்டல் பண்றதையும் நிறுத்தாதே. நாளைக்கு அவர் வந்து என்னைக் கூட்டிட்டுப் போறவரைக்கும் இந்த வீட்ல செவிடன் நான்தான்."