மேற்கு மூலையில் ரிங் டென்னிஸ்

செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல, அந்த ரப்பர் வளையத்தை நகராட்சிக் கமிஷனர் ராமகிருஷ்ணன் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இதை வீசிப் பிடிக்கிறதுக்கா டீச்சர் பூங்காவுல எடம்?"

பெண்கள் பள்ளியின் டிரில் டீச்சர் திரௌபதி, ஆமாம் சார் என்றாள். நடுவில் வலையைக் கட்டி, வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசுகிற ரிங் டென்னிஸ். பள்ளியில் மைதானம் கிடையாது. தை மாதம் வேலூரில் மண்டலப் போட்டி. பத்துப் பெண்கள் ஒரு மாதமாக நகராட்சிப் பூங்காவின் மேற்கு மூலையில் விடியற்காலையில் ஆடிப் பழகுகிறார்கள். அந்த இடமும் போய்விட்டால் போட்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

கமிஷனருக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. அண்ணாமலையார் கூப்பிட்டதாகவே நம்பி வந்த மனுஷன். நினைத்தாலே முக்தி தரும் ஊரில், மலைக்கு நேர் எதிரே, வயசுப் பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதிப்பதாவது! தூ என்று வந்ததை, நாற்காலியின் மரியாதைக்காக விழுங்கிக்கொண்டார்.

எதிர்த்து மனு கொடுத்தவர்களும் அறையில்தான் நின்றார்கள். நாற்பத்திரண்டு கையெழுத்து. முன்னால் நின்றவர் மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வியாபாரம் செய்யும் அப்பாதுரை. நெற்றி நிறைய விபூதி, சலவை வேட்டி, கூப்பிய கை. கமிஷனரோ வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர். பார்த்த மாத்திரத்தில் பாதி தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"எங்கப்பா காலத்துலேர்ந்து வர்ற பழக்கங்க," என்றார் அப்பாதுரை. "விடிகாலையில மலையப் பாத்து அரைமணி நேரம் அங்க உக்காந்தாதான் எங்களுக்கு அன்னிக்கிப் பொழுதே ஓடும். ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கக்கூட மாட்டோம். இந்தப் பொண்ணுங்க வந்ததுலேர்ந்து எல்லாம் கெட்டுப்போச்சுங்க."

கூட வந்தவர்கள் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்கள். எல்லார் முகத்திலும் அப்படி ஒரு வேதனை. தியானம் தடைப்பட்டவனின் தவிப்பு தியானம் செய்பவனுக்குத்தானே தெரியும் என்று கமிஷனர் உருகிப் போனார்.

மனுவின் கடைசி வரியில் இன்னொரு சின்ன வேண்டுகோள் இருந்தது. அந்த மூலைக் குழாயில் காலை நாலரை மணிக்கே தண்ணீர் விட வேண்டுமாம். கைகால் சுத்தி செய்துகொண்டு உட்காருகிறவர்கள், பாவம். அதையும் பச்சை மையில் அனுமதித்தார்.

திரௌபதி விடவில்லை. "நாங்க வர்றதுக்கு முன்னாடி அந்த எடம் எப்படி இருந்துதுனு ஒரு தடவ விசாரிங்க சார்."

"விசாரிக்க என்ன இருக்கு? எதிர்லயே நிக்கிறாங்களே. நீங்கதான் சொல்லுங்களேன்."

அவள் அந்த ஆண்களைப் பார்த்தாள். வேப்பெண்ணெய் குடித்தது போல முகம் கோணியது. "இத்தனை ஆம்பளைங்க முன்னாடி அதை நான் எப்படி சார் சொல்லுவேன்? ஒரு நாள் விடிகாலையில நீங்களே வந்து பாருங்க."

இதில் ஏதோ ஆண் பெண் விவகாரம் வேறா என்று கமிஷனருக்கு இன்னும் குமட்டியது. விளையாட்டுக்குத் தடை என்று எழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டார். டீச்சர் வளையத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

நாலு நாள் கழித்து, மார்கழிப் பனியில், கமிஷனருக்கு ஓர் ஆசை வந்தது. தான் மீட்டுக் கொடுத்த புண்ணிய பூமியில் தானும் ஒரு நாள் உட்கார வேண்டும். குளித்து, விபூதி பூசி, ஐந்து மணிக்கெல்லாம் பூங்காவுக்குப் போனார். புனிதமான இடமாயிற்றே என்று செருப்பை வாசலிலேயே விட்டார்.

பனி மூட்டத்தில் மலை கறுப்பாகத் தெரிந்தது. மேற்கு மூலையில் தலையில் முண்டாசோடு வரிசையாக உருவங்கள். ஒவ்வொருவருக்கும் நடுவே நாலடி இடைவெளி. பேச்சில்லை, மூச்சில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நாற்றம் மட்டும் குடலைப் பிடுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடை போலிருக்கிறது. சானிட்டரி இன்ஸ்பெக்டருக்கு இன்றைக்கே மெமோ கொடுக்க வேண்டும் என்று பல்லைக் கடித்தார். வெறும் காலில் என்னவோ சதசதவென்று ஒட்டியது. பனியில் ஊறிய களிமண் என்று புல்லில் தேய்த்துக்கொண்டார். தேய்த்த புல்லிலும் அதே களிமண்.

இறைவனை அடைய இதெல்லாம் ஒரு சோதனை. ஒரு இடைவெளியைப் பார்த்து, சம்மணம் போட்டு, கண்ணை மூடினார்.

பக்கத்து முண்டாசு மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. அப்பாதுரைதான். கமிஷனரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டார்:

"சார், சொம்பு எடுத்துக்கினு வரலீங்களா?"