பிலிப்பைன்ஸ் கல்

அபினேஷின் உப்புநீர் மீன்தொட்டியில், பெனிட்டோ விற்ற பிலிப்பைன்ஸ் பவளக்கல்லில் பச்சையாக ஏதோ ஒட்டி வளர்ந்தது.

“அபூர்வ உயிராக்கும் மக்கா. தொட்டுராத,” என்றான் பெனிட்டோ. பள்ளிக்கூட நாள் முதல் கூட்டுக்காரன். அவனை நம்பித்தான் மனைவியின் வளையலை விற்றுக் கல் வாங்கினான் அபினேஷ்.

ஃபேஸ்புக்கில் படம் போட்டான். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

வளையல் போன கோபத்தில் தொட்டிப் பக்கமே வராதிருந்த மனைவி ஜெனிலா, அன்றுதான் எட்டிப் பார்த்தாள். அவள் கடலோரக் குளச்சல்காரி.

“இது சிப்பியில்லா! எங்க ஊர்ப் பாறை முழுக்க இதுதான். நேத்து கறி வச்சதை ருசிச்சுத் தின்னியளே!”

“பிலிப்பைன்ஸ்லயும் சிப்பி இருக்கும் ஏட்டி. பெனிட்டோ என்னை ஏமாத்த மாட்டான்.”

“நேத்தைய சிப்பியே பெனிட்டோ வீட்டுக்காரி தந்ததாக்கும். வாராவாரம் குளச்சலுக்குக் கல்லெடுக்கப் போகும்போது அவரு பறிச்சிட்டு வருவாராம்.”