கீழே நிற்கும் பார்ட்டி

“கீழே கார்ல இன்னொரு பார்ட்டி நிக்கிறாங்க சார். இப்பவே அட்வான்ஸ் போடலைன்னா வீடு போயிடும்,” என்றார் புரோக்கர். இருபது வருடக் கடனில் முதன்முதலாக வீடு வாங்கப் போகும் எட்வின் பதறிப்போய்ச் செக்கை எடுத்தான். அவன் மனைவி பெனிட்டா நான்கு மாடி இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது அவளுடன் ஓர் இளம் தம்பதியும் வந்தார்கள். அந்தப் பெண்ணின் கையிலும் செக் இருந்தது. “மேல ஒருத்தங்க கையெழுத்துப் போடப் போறாங்கன்னு எங்களை அவசரப்படுத்தினாரு,” என்றாள் அவள். காய்கறிக் கடையில் பேரம் பேசவே கூச்சப்படுகிறவளா இப்படிச் செய்தாள் என்று எட்வின் வியந்து நின்றான். பெனிட்டா வெறுந்தரையில் உட்கார்ந்து, மற்றவர்களையும் உட்காரச் சொன்னாள். “நீங்களும் உக்காருங்கண்ணே. ரெண்டு குடும்பத்துக்கும் என்ன விலை சொன்னீங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.” புரோக்கர் மெல்லக் குனிந்து ஷூவைக் கழற்றினார்.